படம் நின்றபோது நான் மைக்கில் பேசியது பற்றி

செடெனாக் ரப்பர் தோட்டம்,
12-3-1937

யோங் பெங் ஸ்ரீமான் சதாசிவம் அவர்களுக்கு ஐயாசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் சுகம். அங்கு தாங்களும் வீட்டம்மாள் சந்திரமதியும் தங்கள் மகன் தம்பி ராஜசேகரனும் சுகம்தானே. எழுத்து ஏறியும் இறங்கியும் போவதற்கு மன்னிக்க வேண்டும். அறுபது வயதில் கற்று நான்கு மாதம்தான் ஆகிறது. ‘ஞ’ வரும் இடங்களில் சற்று உட்கார்ந்து இளைப்பாறுகிறேன். ‘சம்பந்தி’ என்று ஆரம்பிக்க ஆசை. போன சனிக்கிழமை நடந்ததற்குப் பிறகு அந்தச் சொல்லுக்கு இடம் மட்டும் விட்டிருக்கிறேன்.

தாங்கள் பெண் பார்க்க வந்த அன்று தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி தங்கராஜுவின் வீட்டுப் பயாஸ்கோப்பை இரவல் வாங்கியது தங்களுக்கு மரியாதை செய்யத்தான். அது ஊமைப் படம் என்பதால் கூலாய் டவுனில் கடை வைத்திருக்கும் ருக்னுதீன் கிராமபோன், மைக்கு, சத்தத்தைப் பெரிதாக்கும் பெட்டி, வாய் அகன்ற ஸ்பீக்கர் எல்லாம் கொண்டுவந்து வயர்களை இணைத்தார். படத்தில் வரும் எழுத்துகளை மைக்கில் வாசிக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பெண்ணின் தகப்பன் படித்தவன் என்று தாங்கள் அறிய வேண்டாமா. ஆனால் ‘அரசருக்குத் திருமணம்’ என்று நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் அரசரின் குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. ‘எதிரி வருகிறான்’ என்றபோது எதிரி பாடையில் போய்க்கொண்டிருந்தான். தாங்கள் சிரித்தீர்கள். படத்தைப் பார்த்துத்தான் என்று வைத்துக்கொண்டேன்.

பிறகு சுருள் மாற்றப் படத்தை நிறுத்தி பயாஸ்கோப் விளக்கை அணைத்தார்கள். விளக்கு அணைந்தால் பேச்சும் அணையும், எல்லாம் ஒரே வயர்தானே என்று நினைத்துவிட்டேன். அப்போது என் மனைவி வெள்ளையம்மா மைக்குப் பக்கம் வந்து, “மாப்பிள்ள வீட்டாளுங்க எப்படி?” என்றாள். “பையன் தங்கம். அப்பாதான் வாயத் தொறந்தா மூட மாட்டேங்குறாரு. மீசைக்கு மை பூசியிருக்காரு, தேத்தண்ணியில பாதி கரைஞ்சு போச்சு” என்றேன். “அந்தம்மா?” “நம்ம அலமாரிய ரெண்டு தடவ தொறந்து பாத்துட்டாங்க.” சொல்லிவிட்டுத் திரும்பினால், சத்தப் பெட்டிக்குள் பல்புகள் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன, மைக்கு அணையவே இல்லை. நிமிர்ந்து பார்த்தால், தாங்கள் எல்லோரும் எழுந்து என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் காரில் ஏறிவிட்டீர்கள்.

ஆறு நாளாகச் செய்தி இல்லை. என் மகள் புஷ்பவள்ளிக்குத் தம்பி ராஜசேகரனைப் பிடித்திருக்கிறது. வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் பால்மரம் வெட்டப் பாடிக்கொண்டே போகிறவள் இப்போது பாடுவதில்லை. “ஒங்க வாய்க்கு ஸ்பீக்கர் வேற வேணுமாப்பா?” என்று கேட்டதோடு என்னிடம் பேசுவதும் இல்லை.

ஆகையால் விளக்கம் சொல்கிறேன். மை என்றது தங்கள் மீசையை அல்ல, ருக்னுதீனுடைய மீசையை. அவருக்கு மீசையே இல்லை என்கிறாள் வெள்ளையம்மா. அப்படியானால் தங்களுடையதுதான். ஆனால் அது அழகாகத்தான் இருந்தது, கரைவதற்கு முன். அம்மாள் அலமாரியைத் திறந்தது காற்றுக்காக இருக்கலாம். பிழை என்னுடையது. பெண்ணுக்கு என் வாய் வரவில்லை என்று சத்தியம் செய்கிறேன்.

தங்கள் வீட்டில் அடுப்பும் விளக்கும் என்றும் குறையாமல் எரிய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஐயாசாமி

பி.கு. உறையில் போடும் நேரத்தில் ருக்னுதீன் வந்தார். “அலமாக், ஐயையோ, படம் நின்னதுமே ஸ்பீக்கர் வயரப் புடுங்கிட்டேனே. கீச்சுன்னு கத்துச்சு. நீங்க பேசுனது யாருக்குய்யா கேட்டிருக்கும்?” என்றார். மழை வருகிறதென்று காரோட்டி அவசரப்படுத்தினானாம். தங்களுக்குச் சம்மதம் என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போனீர்களாம். அதை என்னிடம் சொல்ல அவர் மறந்துவிட்டார். எனவே மேலே உள்ள எதுவும் தங்கள் காதில் விழவில்லை. வெள்ளையம்மா கடிதத்தை அடுப்பில் போடச் சொல்கிறாள். நான்கு நாள் உட்கார்ந்து எழுதியது, ஒரு பிழையும் இல்லை என்று எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த வாத்தியாரே சொன்னார், கிழிக்கக் கை வரவில்லை. தயவுசெய்து முதல் பத்தியையும் வாழ்த்தையும் மட்டும் படித்துக்கொள்ளவும். நடுவிலும் படிக்கக்கூடியதாக ஒன்று அடுத்த வாரம் எழுதுகிறேன்.