ஈறில் முளைத்த மூன்று முத்துகள்

இக்கதையை நான் கேட்டது, குழந்தைகள் மருத்துவமனையில் சீட்டு எழுதித்தரும் அம்மையார் ஒருவரிடம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு மழைநாள் முற்பகலில். அவர் சொன்ன வரிசை குலையாமல் தருகிறேன்.

கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒருவருக்குக் கல்யாணமாகி ஒன்பதாம் ஆண்டில் பெண் குழந்தை பிறந்தது. பத்தொன்பதாம் நாள் காலையில் அது வீறிட்டு அழுதது. வேலைமேசையிலிருந்து எழுந்தோடிய மனிதர், கண்ணில் இடுக்கியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்ற மறந்துவிட்டார். அப்படியே குழந்தையின் வாய்க்குள் பார்த்தார். கீழ் ஈறின்மேல் மூன்று வெள்ளை உருண்டைகள். ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவு.

பொல்லாத கட்டி என்று அவரே முடிவுகட்டினார். மனைவியிடம் சொன்னால் அவள் தாங்கமாட்டாள். சொல்லாவிட்டால் தாம் தாங்கமாட்டார். கடிகாரத்தில் ஒரு தூசியைக் கண்டுவிட்டால் அதைச் சாமண இடுக்கியால் எடுக்காமல் ஒரு வாய் சோறு உண்டறியாத கை அவருடையது. இதையும் எடுத்துவிடுவதென்று தீர்மானித்தார்.

சற்றுநேரத்தில் மனைவி அடுப்படிக்கு வந்தாள்.

“பால் பாத்திரத்துல என்னங்க வேகுது?”

“சாமணம்.”

“உப்புப் போட்டீங்களா?”

“சிரிக்காதே. பாப்பா வாயில கட்டி. மூணு. நான் பக்குவமா எடுத்துடறேன்.”

அவள் முகத்தில் சிரிப்பு அற்றுப்போயிற்று. அடுப்பை அணைத்தாள். “முதல்ல டாக்டரம்மாகிட்ட காட்டலாம். கிளம்புங்க.”

மருத்துவர் விளக்கடித்துப் பார்த்தார். சுண்டுவிரலால் ஈறைத் தடவினார். “பல் உருவாகறப்போ மிஞ்சின தோல்துணுக்கு உள்ளே தங்கி, இப்படி முத்து மாதிரி நிக்கும். நிறையக் குழந்தைங்களுக்கு வரும். சில வாரத்துல தானா உடைஞ்சு மறைஞ்சுடும்.”

“மருந்து?”

“வேண்டாம்.”

“ஆபரேஷன்?”

“சதை பெருசா வளர்ந்து, பால் குடிக்க விடாம தடுத்தாத்தான் அறுப்போம். இது அது இல்ல.”

“அப்போ நான் என்ன பண்ணணும்?”

“சும்மா இருக்கணும். கிள்ளினா புண்ணாகிச் சீழ் பிடிக்கும்.”

வீட்டுக்குள் நுழைந்ததும் மனிதர் உடைந்துபோனார்.

“கைவிட்டுட்டாங்கடி! மருந்தே எழுதலைன்னா என்ன அர்த்தம்? தேறாத கடிகாரத்தைக் கொண்டுவந்தா நானும் இப்படித்தான் சொல்லி அனுப்புவேன். ‘தொடாதீங்க, ஓடுற வரைக்கும் ஓடட்டும்’னு.”

கண்ணைத் துடைத்த கை மறுபடியும் சாமணத்தைத் தேடி நீண்டது. அந்தக் கையை மனைவி பார்த்தாள். குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

“வைத்தியம் இருக்குங்க. உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னாங்க. ரொம்பக் கஷ்டம், நீங்க தாங்கமாட்டீங்கன்னு…”

“சொல்லு! உயிரைக் கொடுத்தாவது செய்யறேன்.”

“பால் குடிச்சதும் பெத்த அப்பா தோள்ல போட்டுக்கிட்டு, ஏப்பம் வர்ற வரைக்கும் நடக்கணுமாம். பாப்பா துணி மொத்தத்தையும் அவரே கையால துவைக்கணுமாம். வாயில மட்டும் அவர் விரல் படக்கூடாது. ஒரு தடவை பட்டாலும், மறுபடி முதல் நாள்லேருந்து ஆரம்பிக்கணும்.”

ஐந்து வாரம் நடந்தார். ஐந்து வாரம் துவைத்தார். விரல்நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கின. ஏப்பம் தாமதித்தால், ‘போச்சு, எல்லாம் போச்சு’ என்று கூடத்தின் நடுவில் நின்று அழுதார். ஒரு முத்து மறைந்தது. பிறகு ஒன்று. ஆறாம் வாரத் தொடக்கத்தில் ஈறு வழவழவென்றிருந்தது. மகளை எமனிடமிருந்து மீட்டவராய் மருத்துவரிடம் ஓடினார்.

“உங்க வைத்தியம் பலிச்சிடுச்சும்மா!”

“எந்த வைத்தியம்?”

சொன்னார். மருத்துவர் எழுதுகோலை மூடிவைத்தார். “ஐயா, அந்த முத்தை உங்க மனைவி ஆறாம் நாளே பார்த்து, எங்கிட்ட காட்டிட்டாங்க. பாப்பாவைப் பத்தி அவங்களுக்குக் கவலையே இல்ல. ‘இது எங்க வீட்டுக்காரர் கண்ல பட்டா என்ன பண்றது’ன்னுதான் கேட்டாங்க. அதுக்கு எங்கிட்ட வைத்தியம் இல்லைன்னுட்டேன்.”

வீடு திரும்பிய மனிதர் வாசலிலேயே குமுறினார். “என்னை ஏமாத்திட்டியேடி!”

“ஆமாங்க” என்றாள் அவள், குழந்தையை அவர் தோளில் சாய்த்தபடி. “இப்பத்தான் பால் குடிச்சா.”

அவர் நடக்கலானார்.

அதே மருத்துவமனையின் சலவைக்காரர் சொல்லும் கதையில், கடிகாரக்காரர் மருத்துவரைத் தேடிப் போகவே இல்லை. மகள் இப்போது பள்ளிக்குப் போகிறாளாம். அவள் சீருடையை இன்றும் அவர்தான் துவைக்கிறாராம், நிறுத்தினால் முத்து திரும்பிவிடும் என்ற பயத்தில்.