கப்பலில் வர வேண்டிய அரிவாள்

டெல்லியில் வெளியுறவு மந்திரியாக யாரை வேண்டுமானாலும் போடட்டும். அந்த நாற்காலிக்குப் பொருத்தமான ஆள் எங்கள் ராசிபுரம் பக்கத்துப் பம்பு அம்மிணி ஒருவர்தான். பதவியேற்ற அன்றே நாலு நாட்டோடு சண்டை வந்திருக்கும், அது வேறு விஷயம்.

எண்பதுகளின் தொடக்கம். கடும் வறட்சி. நான் ஒன்றிய அலுவலகத்தில் கிளார்க். ஐரோப்பாவில் பக்கத்துப் பக்கத்து நாடுகள் இரண்டு, அம்மிணியின் ஊருக்கு ஆளுக்கொரு அடிபம்பு உதவியிருந்தன. ஒரு நாடு பணத்தைக் கொடுத்து, உங்கள் ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள் என்றது. மற்றது பம்பையே அனுப்பியது. ஒரு வாஷர் தேய்ந்தாலும் அங்கிருந்துதான் வர வேண்டும், வேறு எதையும் மாட்டக் கூடாது என்று நிபந்தனை. அம்மிணியின் தெருவுக்கு வாய்த்தது இரண்டாவது. வாஷர் போயிற்று. ஆறு மாதமாகத் தெருவே குடத்தோடு தோட்டம் தோட்டமாக அலைந்தது. இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சந்தை நாளில் அம்மிணி அலுவலகத்துக்குள் நுழைந்தால் ஃபேன்கூடப் பயந்து மெதுவாகச் சுற்றும்.

"ஏனுங்க, மாட்டைச் சீராக் குடுத்துப்போட்டு, புண்ணாக்கு எங்கூட்டுக் கடையிலதான் வாங்கோணும்னா, அது சீருங்களா, யாவாரமுங்களா? பக்கத்து நாட்டுக்காரன் மொய்யை வெச்சமா, போனமான்னு இருக்கறான். அவன் சம்பந்தி. இவன் தரகன்!"

"அரசாங்க விஷயம்மா..."

"அப்ப அரசாங்கத்தையே தண்ணி கொண்டாரச் சொல்லுங்க!"

நான் என்ன கப்பலா ஓட்டுகிறேன்? எனக்கும் எரிச்சல்தான். அதற்கு மேல் எரிச்சல், எங்கள் அதிகாரி பம்பை அனுப்பிய நாட்டு வெள்ளைக்காரரை அழைத்து வந்து, ஓடாத பம்புக்கு மாலை போட்டுப் போட்டோ எடுத்தது. சித்திரை வெயிலில் வெள்ளைக்காரர் நாக்கு வறண்டு நின்றார்.

அம்மிணி ஓர் இளநீர்க் காயை அவர் கையில் வைத்தார். சீவாத காய். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க தோட்டத்துக் காயை எங்க அருவாள்லதான் சீவோணும். அருவா எங்கண்ணன் ஊட்ல இருக்குது. ஆறு மாசத்துல கப்பல்ல வரும், இருக்கச் சொல்லுங்க!"

அதிகாரி மொழிபெயர்க்க மறுத்தார். ஒரு வார்த்தை விடாமல் நான் சொன்னேன். வெள்ளைக்காரர் முகம் சிவந்தது, வெயிலாகவும் இருக்கலாம். நிபந்தனை மட்டும் மாறவில்லை.

மறுவாரமே அம்மிணி லாரிப் பட்டறையில் பழைய டயரை வெட்டி வாஷர் செய்து மாட்டிவிட்டார். தண்ணீர் கொட்டியது. வெளிநாட்டுச் சொத்தில் எப்படிக் கை வைக்கலாம் என்று அதிகாரி குதித்து, அதைக் கழற்றிவர என்னை ஸ்பேனரோடு அனுப்பினார்.

அம்மிணி பம்பை மறித்து நின்றார். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கழட்டலாம் சாமி. மொதல்ல ரெண்டு வாய் குடி. வெயில்ல வந்திருக்கறே."

அவரே அடித்தார், நான் குடித்தேன். துருப்பிடித்திருக்கிறது, கழற்ற முடியவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அதற்கப்புறமும் வருஷக்கணக்கில் அவரிடம் திட்டு வாங்கினேன். மாற்றல் உத்தரவு வந்த அன்று, திட்ட இனி யார் இருக்கிறார்கள் என்று அழுதவன் நான்தான்.