ஏழாவது வாங்கில்

காலி இருக்கை ஒன்றைக் கண்டால் மனம் தாங்காத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் லேஞ்சி அண்ணை. எங்கள் ஊரில் கைக்குட்டைக்கு லேஞ்சி என்று பெயர். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயரும் ஒன்று உண்டு. டென்மார்க்கில், பிரெடெரிசியா அகதி முகாமில் இருந்த நாற்பத்திரண்டு பேரில் அதை அறிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். மற்றவர் அவர், அவருக்கும் பொலிஸ் கேட்டால்தான் ஞாபகம் வரும்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. அண்ணை யாழ்ப்பாணத்தில் இருபத்திரண்டு வருடம் பஸ் கொண்டக்டராக இருந்தவர். பஸ் நிற்பதற்கு முன்பே சனம் ஜன்னலால் லேஞ்சியை எறிந்து இடம் பிடிக்கும். இறங்கும்போது மறந்துவிட்டுப் போகும். அப்படி மறந்தவற்றில் பதினொன்று அவருடன் டென்மார்க் வரை வந்து சேர்ந்திருந்தன. சிலவற்றின் மூலையில் நூலால் எழுத்துத் தைத்திருக்கும். ஒன்றில்கூட அவருடைய பெயரின் எழுத்து இல்லை. நான் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்திருக்கிறேன்.

முகாமில் சாப்பாட்டு மணி அடித்ததும் அண்ணை முதல் ஆளாக மண்டபத்துக்குள் நுழைந்து, பிந்தி எழும்புகிற பதினொரு பேருக்குப் பதினொரு நாற்காலிகளில் லேஞ்சி விரிப்பார். மண்டபத்தில் நாற்காலிகள் அறுபது. ஆட்கள் நாற்பத்திரண்டு. பதினெட்டு நாற்காலிகள் எப்போதும் மிஞ்சும். இதை நான் தாளில் எழுதியே காட்டினேன்.

"மாஸ்டர், கணக்கு வேறை, இடம் வேறை," என்றார்.

சமையலறைப் பொறுப்பில் இருந்த டேனிஷ் அம்மா, இவை யாரோ விட்டுப்போன அழுக்குத் துணிகள் என்று நினைத்து எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்த் தோய்த்து, இஸ்திரி போட்டு, மறுநாள் மடித்துக் கொடுத்தார். அண்ணை மறுபடி விரித்தார். அவர் மறுபடி தோய்த்தார். மூன்று வாரம் இது நடந்தது. "பாத்தியளே மாஸ்டர், லேஞ்சி தோய்ச்சுத் தாற அரசாங்கம் வேறை எங்கை இருக்கு?" என்று அண்ணை எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னார். எங்கள் அகதி விண்ணப்பம் இன்னும் முடிவாகவில்லை. எங்கோ ஓர் அலுவலகத்தில் எங்கள் கோப்பு திறந்தே இருக்கிறது. ஒவ்வொரு லேஞ்சிக்கும் அதில் ஒரு பக்கம் கூடுகிறது என்பது என் நம்பிக்கை. நான் கணக்கு வாத்தியார். எண்ணாவிட்டால் எனக்கு நித்திரை வராது. எண்ணினால் அறவே வராது.

ஒருநாள் கோல்டிங்குக்குப் போக ரயில் நிலையத்தில் நின்றோம். ரயில் வந்தது. கதவு திறக்க முன்னமே அண்ணை பாதி திறந்திருந்த ஜன்னலால் லேஞ்சியை எறிந்தார். அது ஒரு வயதான டேனிஷ் மாதுவின் மடியில் விழுந்தது. அவர் எழுந்து ஜன்னலால் கையை நீட்டி, "வெர்ஸ்கோ" என்று சிரித்தபடி திருப்பிக் கொடுத்தார். இந்தாருங்கள் என்று அர்த்தம். அண்ணை நன்றி சொல்லி வாங்கி, மறுபடி எறிந்தார். மறுபடி வெர்ஸ்கோ. மூன்றாம் முறை அந்த மாது பெருமூச்சு விட்டு, பக்கத்தில் வைத்திருந்த பையை மடிக்கு மாற்றி, லேஞ்சியை அந்த இருக்கையில் தானே நீவி விரித்து வைத்தார்.

"அண்ணை, எங்கட கேஸ் இன்னும் முடியேல்லை. இந்த மனிசி பொலிசிலை சொன்னால் என்ன செய்வியள்?"

"என்னெண்டு சொல்லுறது? ஒருத்தன் எனக்குப் பக்கத்திலை இடம் பிடிச்சவன் எண்டோ? இருங்கோ மாஸ்டர், உங்களுக்குத்தான் பிடிச்சனான்."

இவ்வளவு நடுங்குகிற நான் அந்தப் பதினொன்றையும் எடுத்து ஒளித்துவிடலாமே என்று முகாமில் பலர் கேட்டார்கள். என்னால் முடியாது. அதற்குக் காரணம் டென்மார்க்கில் இல்லை. அல்ஜீரியாவில், அல்ஜியர்ஸ் நகரத்துப் பூங்கா ஒன்றில் இருக்கிறது.

நாங்கள் வந்த வழி அப்படி. எங்களை அனுப்பிய கொழும்பு ஏஜென்சிக்காரன் அல்ஜியர்ஸில் ஆறு நாள் ஓர் அறையில் வைத்திருந்தான். ஏழாம் நாள் கட்டளை வந்தது: மலைச்சரிவில் ஒரு பூங்கா இருக்கிறது. வாசலிலிருந்து எண்ணி, ஏழாவது நீள இருக்கையில், எங்கள் பேச்சில் வாங்கிலில், இரண்டு பேரும் இருங்கள். மத்தியானம் பச்சைக் கார் வரும். கடவுச்சீட்டும் டிக்கெட்டும் சாரதியிடம் இருக்கும். நாலு மணிக்குக் கிழக்கு பெர்லினுக்கு விமானம், அங்கிருந்து டென்மார்க். கார் ஒருமுறைதான் வரும்.

காலை எட்டு மணிக்கே போய் இருந்துவிட்டோம். அப்படி அமைதியான இடத்தை நான் அதற்குமுன் கண்டதில்லை. அமைதியே எனக்குப் பயமாக இருந்தது. கீழே வெள்ளை வெள்ளையாக வீடுகள், அதற்கும் கீழே கடல். பதினான்கு ஈச்ச மரங்கள். ஒன்பது பூனைகள். தோட்டக்காரர் ஒருவர் குழாயால் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். யாரும் எங்களை என்னவென்று கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். அண்ணை செருப்பைக் கழற்றிவிட்டு, பூனைகளுக்கு யாழ்ப்பாணத்து பஸ் தரிப்பிடங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பதினொரு மணிக்குப் பசி தாங்கவில்லை. "நான் போய்ப் பாண் வாங்கிக்கொண்டு வாறன்," என்றேன்.

"போட்டு வாங்கோ. இடம் நான் பாக்கிறன்," என்று நான் எழும்பிய இடத்தில் லேஞ்சியை விரித்தார். அந்தப் பூங்காவில் அப்போது முப்பது வாங்கிலாவது காலியாகக் கிடந்தது.

வாசலால் இறங்கி பேக்கரிக்குப் போகத் தொண்ணூற்றாறு படிகள். நீண்ட வரிசையில் நின்று, ஒரு முழ நீளத்தில் இரண்டு பாண் வாங்கினேன். திரும்பி ஏறும்போது நூற்று நாலு படிகள் வந்தன. அப்போதே நின்று யோசித்திருக்க வேண்டும். படிகள் வளர்வதில்லை. ஆனால் களைப்பில் பிழையாக எண்ணிவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டு, அதே மாதிரியான இரும்பு வாசலால் உள்ளே நுழைந்து, ஒன்று, இரண்டு என்று எண்ணி ஏழாவது வாங்கிலுக்கு வந்தேன்.

அண்ணை இல்லை. லேஞ்சியும் இல்லை.

திரும்பி வாசலுக்குப் போய் மறுபடி எண்ணினேன். ஏழு. மூன்றாம் தரமும் ஏழு. மணி பன்னிரண்டே கால். கார் வந்திருக்கிறது, அண்ணை போய்விட்டார் என்று முடிவு கட்டினேன். இதில் அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. நானாக இருந்தால் போயிருப்பேன். அந்த வாங்கிலில் உட்கார்ந்து கையிலிருந்ததை எண்ணினேன்: இரண்டு பாண். கடவுச்சீட்டு இல்லை. அறைச் சாவி காலையிலேயே கொடுத்தாகிவிட்டது. அந்த ஊர்ப் பாஷையில் எனக்குத் தெரிந்த சொல் ஒன்று, மெர்சி. அதை வைத்துக்கொண்டு எத்தனை நாள் சீவிக்கலாம்? ஒரு மணியும் ஆயிற்று. தோட்டக்காரர் குழாயைச் சுருட்டிக்கொண்டு போனார். என் வாழ்க்கையில் எண்ணுவதை நான் நிறுத்தியது அந்தச் சில நிமிடங்களில்தான்.

அப்போது முதுகுக்குப் பின்னால், ஆளுயரச் செடிவேலிக்கு அப்பால், ஒரு குரல் கேட்டது.

"ஆள் இருக்கு ஐயா. ஆள் இருக்கு. பாண் வாங்கப் போனவர், இப்ப வந்திடுவார்."

அல்ஜியர்ஸில் அன்று அதைத் தமிழில் சொல்லக்கூடியவர் ஒருவர்தான். நான் வேலியைச் சுற்றிப் போகவில்லை. அதற்குள்ளாலேயே புகுந்தேன்.

அந்தப் பூங்காவுக்கு இரண்டு வாசல்கள். இரண்டுக்கும் ஏழாவது வாங்கில் உண்டு. சரியான ஏழாவதில் அண்ணை இருந்தார். முன்னால் நீண்ட அங்கி போட்ட அல்ஜீரியக் கிழவர் ஒருவர், கைத்தடியால் லேஞ்சியைச் சுட்டிக்காட்டி, உட்காரலாமா என்று கேட்டபடி நின்றார். பக்கத்தில் கார்ச் சாரதி மணிக்கூட்டைத் தட்டித் தட்டிக் காட்டிக்கொண்டு நின்றான். வேலிக்குள்ளிருந்து பாணும் கீறலுமாக நான் வெளியே வந்ததை மூன்று பேரும் பார்த்தார்கள்.

"என்ன மாஸ்டர், மாக் குழைச்சு, சுட்டு எடுத்துக்கொண்டே வாறியள்?" என்றார் அண்ணை.

"கார் எப்ப வந்தது?"

"முக்கால் மணித்தியாலம் இருக்கும். உவன் நாலுதரம் போறன் எண்டு வெருட்டினவன். ஓரிடத்துக்கு ஆள் இல்லை, ரெண்டு பேரும் ஏறினால்தான் வண்டி எடுபடும் எண்டு சொன்னனான்."

"என்ன பாஷையிலை?"

"கொண்டக்டர் பாஷையிலை."

"விட்டிட்டுப் போயிருந்தால்?"

"இடம் பிடிச்சு வைச்சிட்டு விட்டிட்டுப் போறதே?" என்றார். அப்படி ஒரு வழி இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்ததுபோல் முகம் இருந்தது.

பிறகு லேஞ்சியை எடுத்து, அதாலேயே வாங்கிலைத் துடைத்து, "இப்ப இருங்கோ ஐயா," என்று கிழவரை உட்காரவைத்தார். ஒரு பாணை அவரிடமே கொடுத்தோம். காரில் ஏறியதும் அண்ணை ஜன்னலால் கையை வெளியே விட்டுக் கூரையில் இரண்டு தட்டுத் தட்டினார். அதற்குப் பிறகுதான் சாரதி காரை எடுத்தான். விமானத்தில் கடைசியாக ஏறியவர்கள் நாங்கள். அங்கும் என் இருக்கையில் எனக்கு முன்பே லேஞ்சி கிடந்தது. அந்த இருக்கைக்கு இலக்கம் போட்டே தந்திருந்தார்கள்.

இரண்டு பேருக்கும் டென்மார்க்கில் இருக்க அனுமதி கிடைத்தது. கோப்பில் லேஞ்சியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அடுத்த சித்திரையில் அண்ணை, தம்பியின் மகளான பெறாமகளின் குடும்பத்தோடு இருக்க இஷொய் என்ற தூரத்து ஊருக்குப் புறப்பட்டார். நான் பிரெடெரிசியாவில் தொழிற்சாலை வேலை எடுத்துவிட்டேன். வழியனுப்ப ரயில் நிலையத்துக்குப் போனேன்.

"வாறன் மாஸ்டர். சும்மா சும்மா பயப்பிடாதையுங்கோ."

"ஓம் அண்ணை. ரெண்டு பெட்டி. ரெண்டும் ஏத்தியாச்சோ?"

"ஏத்தியாச்சு."

உள்ளே போய் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு லேஞ்சியை எடுத்து, பக்கத்து இருக்கையில் விரித்து, நான்கு மூலையையும் இழுத்துச் சரிசெய்தார். நான் வரப்போவதில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். பிறகு கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டினார். ரயில் புறப்பட்டது.

இப்போதும் நான் தனியே ரயிலில் போகும்போது, பக்கத்து இருக்கையைக் காட்டி, இங்கே ஆள் இருக்கிறதா என்று யாராவது டேனிஷ்காரர் மரியாதையாகக் கேட்பார். இல்லை என்பதுதான் சரியான விடை. அதைச் சொல்ல எனக்கு எப்போதும் இரண்டு வினாடி பிந்துகிறது.