வருகை தந்தோர்

காலை ஏழரை மணிக்குத் தகரப் பெட்டி மண்ணுக்கு வெளியே வந்தது. போரில் ஊர் இடம்பெயர்ந்த அன்று பரமநாதன் தன் கையாலேயே முருங்கையடியில் புதைத்த பெட்டி. உள்ளே ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்புக் கூட்ட அறிக்கைப் புத்தகம். மட்டை இருந்தது. தாள்களைக் கறையான் தின்றிருந்தது.

"சனம் நகையைத் தாட்டது. செயலாளர் நீங்கள் புத்தகத்தைத் தாட்டனீங்கள்" என்றாள் பக்கத்து வயல் இராசம்மா.

கமநல உத்தியோகத்தர் வெள்ளிக்கிழமை வருகிறார். அமைப்பு இடைவிடாமல் இயங்கியதென்று அறிக்கை காட்டினால், உடைந்த குளக்கட்டை மழைக்கு முன் திருத்தித் தருவார்கள். இல்லாவிட்டால் புதிதாகப் பதிய வேண்டும். இந்த முறையும் வயல் தரிசுதான்.

"ஓடித்திரிஞ்ச காலத்திலை ஆர் கூட்டம் வைச்சது?" என்று கேட்டாள் இராசம்மா.

"வைச்சதா எழுதுவம்."

பரமநாதன் பொய் சொல்லி அறியாதவர். அதனால் பழைய மட்டைக்குள் புதுத் தாள் வைத்து எழுதத் தொடங்கியபோது அளவு தெரியவில்லை. மரத்தடியில் ஒரு கூட்டம். தறப்பாளின் கீழ் ஒரு கூட்டம். முகாமில், தண்ணீர் வரிசையில் நின்றபடி ஒரு கூட்டம். எல்லாவற்றிலும் ஒரே தீர்மானம்: ஊர் திரும்பியதும் குளக்கட்டைத் திருத்துவது.

கையொப்பம் வாங்கப் போனார். இராசம்மா கடைசிவரை வாசித்தாள்.

"என்ரை ஆட்சேபணை எங்கை?"

"நீங்கள் ஆட்சேபிக்கேல்லையே, அக்கா."

"கூட்டம் நடந்திருந்தால் ஆட்சேபிச்சிருப்பன். என்ரை வயல் பக்கத்தை விட்டிட்டு மற்றப் பக்கமோ முதல் கட்டுறது? எழுதுங்கோ."

எழுதினார். கதை பரவியது. பொழுது சாய்வதற்குள் ஊரில் எல்லோரிடமும் ஓர் ஆட்சேபணை இருந்தது. எல்லாவற்றையும் எழுதி முடித்துக் கூட்டிப் பார்த்தபோது, வாக்கெடுப்பில் குளக்கட்டு தோற்றிருந்தது.

எதிர்த்தவர்களை வெட்ட முடியாது. வீடு தேடி வருவார்கள். ஆதரவாளர்களைக் கூட்டலாம். ஆனால் ஊரில் இருக்கிற எவரைச் சேர்த்தாலும் அவரும் வந்து ஆட்சேபிப்பார்.

பரமநாதன் பேனையை மூடி வைத்தார். பிறகு திறந்து, வந்து ஆட்சேபிக்க முடியாதவர்களின் பெயர்களை எழுதினார்.

முகாம் கூட்டத்தில் தீர்மானத்தை முன்மொழிய லெட்சுமணனைப் போட்டார். ஊரில் இருந்த காலத்தில் அவன் எதற்கும் மறுத்துக் கதைத்ததில்லை. இடம்பெயர்ந்த வழியில் அரிசி தேடிச் சைக்கிளில் போனவன், முகாமுக்கு வந்து சேரவில்லை. அவன் மனைவி, தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய செல்லாயி, இன்னும் அவன் படத்தைக் கொண்டு அவனைத் தேடி மன்னார்க் கச்சேரி அலுவலகத்துக்குப் போய்வருகிறாள்.

வெள்ளிக்கிழமை, கூரையில்லாத மண்டபத்தில் உத்தியோகத்தர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து உரக்க வாசித்தார்.

"முகாமிலையும் கூட்டம் வைச்சனீங்களோ?"

"ஓம், ஐயா."

"ஆட்சேபணையும் கிடக்குது. அப்ப இது உண்மையான கூட்டம்தான்."

இராசம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

"வருகை தந்தோர். முன்மொழிந்தவர், லெட்சுமணன்." விரலை வரி வரியாக ஓட்டினார். "நல்ல ஒழுங்கு. இப்பிடி ஒரு அமைப்பை நான் இந்தப் பக்கம் காணேல்லை."

முத்திரையை ஊதி ஓங்கிக் குத்தினார். "அடுத்த கிழமை மெசின் வரும்."

சனம் கை தட்டியது. பரமநாதன் முகத்தைத் துடைத்தார். ஆட்சேபணை சொன்னவர்கள்தான் கூடுதலாகத் தட்டினார்கள்.

தேத்தண்ணித் தட்டோடு வந்த செல்லாயி தட்டவில்லை. தட்டை மேசையில் வைத்தாள். முத்திரை ஈரம் காயாத பக்கத்தைக் குனிந்து பார்த்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

"ஐயா, எங்க வீட்டுக்காரரு முகாம் கூட்டத்துக்கு வந்தாருன்னு வாசிச்சீங்களே. கூட்டம் முடிஞ்சு எந்தப் பக்கம் போனாருன்னு அதில எழுதியிருக்கா?"