உவரிக் கரையில் அம்மாவும் ஒரு சுறாவும்

மீனே தின்னாத வீட்டில் பிறந்தவன் சுறா பிடிக்கப் போகக் கூடாது. போனாலும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாலும், கட்டிக்கொள்ளப் போகிற பெண் அங்கே நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது. இந்த மூன்றையும் ஒரே பயணத்தில் செய்து முடித்தவன் நான்.

அதுவரை எனக்கும் மீனுக்கும் இருந்த பழக்கம் குறுக்குத்துறைப் படித்துறையோடு சரி. தாமிரபரணியில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தால் சின்ன மீன்கள் வந்து பாதத்தைக் கொத்தும். எனக்குக் கூச்சம் தாங்காது, கத்திக்கொண்டு காலை மேலே இழுத்துக்கொள்வேன். (சுண்டுவிரல் நீள மீனுக்கே இந்த லட்சணம்.)

ஜெனிக்குப் பாளையங்கோட்டையில் எங்கள் அலுவலகத்தில் எனக்கு எதிர் மேசை. உவரிப் பக்கம் கடலோரக் குடும்பம். எங்கள் வீடு வண்ணார்பேட்டையில். வெங்காயத்துக்கே வாரத்தில் இரண்டு நாள் விடுமுறை கொடுக்கிற சைவக் குடும்பம். நாங்கள் கல்யாணம் செய்துகொள்ள முடிவெடுத்தபோது ஜெனியின் வீட்டில் ஒரு வாரம் சண்டை போட்டுவிட்டுச் சம்மதித்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் சண்டையே நடக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அப்பா காலமானபின் வீட்டில் சட்டம் போடுவதும் அம்மாதான், தீர்ப்புச் சொல்வதும் அம்மாதான். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். நான் விஷயத்தைச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "பாப்போம்" என்றாள். அம்மா "பாப்போம்" என்றால் விடைத்தாள் இன்னும் திருத்தப்படவில்லை என்று அர்த்தம்.

ஜெனியின் அண்ணன் ராயப்பனுக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. கப்பல்களை இழுத்து அலுத்துப்போனாரோ என்னவோ, விடுமுறை கிடைத்தால் ஊர்க் கரையில் கூடாரம் போட்டுத் தங்கி, பெரிய தூண்டில் வீசிச் சுறா பிடிப்பார். பிடித்ததைத் தடவிக் கொடுத்துவிட்டுத் திரும்பக் கடலிலேயே விட்டுவிடுவார். ஒருநாள் எனக்கு போன் செய்தார்.

"தம்பி, சனிக்கிழம கரையில தங்கப் போறேன். வாரீங்களா? தூண்டில் பழக்கம் உண்டுமா?"

எதிர் மேசையிலிருந்து ஜெனி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் உண்டுண்ணே" என்றேன்.

செல்போனில் வெள்ளைக்காரர்கள் கரையில் நின்று சுறா பிடிக்கும் வீடியோக்களைத்தான் 'கொஞ்சம்' என்று குறிப்பிட்டேன். அந்த வீடியோக்களில் எல்லோரும் இடுப்பில் ஒரு பட்டை கட்டியிருப்பார்கள். அதன் நடுவில் உள்ள கிண்ணத்தில் தூண்டில் கம்பின் அடியை ஊன்றிக்கொண்டால் கை வலிக்காது. நான் பேட்டையில் ஒரு பட்டறைக்குப் போய் லாரி பெல்ட்டில் இரும்புக் கிண்ணம் பற்றவைத்து ஒன்று செய்துகொண்டேன். பட்டறைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்தக் கட்சி அண்ணாச்சி? கொடி ரொம்பப் பெருசோ?" என்று கேட்டார்.

பட்டையைப் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்றபோது அம்மாவிடம் மாட்டிக்கொண்டேன். விவரம் கேட்டாள். சொன்னேன்.

"நானும் வாரேன்."

"அம்மா, அது மணல்ல ராத்திரி தங்கணும்மா. வீட்டுல போய் அவங்கள ஒருநாள் முறையாப் பாத்துக்கலாமே."

"வீட்டுல போனா எல்லாரும் நல்ல சேலையக் கட்டிக்கிட்டு நல்லவங்களாத்தான் இருப்பாவ. மணல்ல ஒருநாள் கூட இருந்தா என்ன ஏதுன்னு தெரிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டு, அம்மா புளியோதரைக்குப் புளியை ஊறப்போடப் போனாள்.

நானும் அம்மாவும் போய்ச் சேர்ந்தபோது மாலை வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஜெனி அண்ணனோடு முன்பே வந்திருந்தாள். ராயப்பன் மணலில் குழாய்களை நட்டு அதில் நரம்பு சுற்றும் ரீல் மாட்டிய தூண்டில் கம்புகளைச் செருகி வைத்திருந்தார். ஒவ்வொன்றும் எங்கள் வீட்டுத் துணிக்கொடிக் கம்பைவிட உயரம். அம்மா அவற்றைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"பிடிச்சுட்டு விட்டுருவீங்களாமே? விடுததுக்கு எதுக்குங்க பிடிக்கணும்?"

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ராயப்பன் யோசிக்கவே இல்லை.

"பொண்ணு பாக்கப் போறம்லா டீச்சர். சொஜ்ஜி பஜ்ஜி தின்னுட்டுப் பாத்துட்டு வந்துருதோம். எல்லாத்தையுமா கட்டிக்கிடுதோம்? அது மாதிரிதான்."

ஜெனி தலையில் கை வைத்துக்கொண்டாள். அம்மா அவரை உற்றுப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். கல்யாணப் பேச்சு எடுத்ததிலிருந்து அம்மா சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அந்தச் சிரிப்போடு நான் சும்மா இருந்திருக்க வேண்டும். "கூடாரத்த நான் போடுதேன்" என்று கிளம்பினேன். மேற்கேயிருந்து கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்தது. நான் ஒரு முனையை முளையில் கட்டுவதற்குள் கூடாரம் வயிறு உப்பி எழுந்து, என்னையும் இழுத்துக்கொண்டு கன்னியாகுமரிக்கு நேர் எதிர்த்திசையில் ஓட ஆரம்பித்தது. நான் கயிற்றை விடவில்லை. (வீரம் இல்லை, கை சிக்கிக்கொண்டது.) ஜெனி குறுக்கே ஓடி வந்து கூடாரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டாள். அவள் உட்கார்ந்ததும் அது அடங்கிவிட்டது. அம்மா அதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன மானத்தை மீட்க ஒரே வழிதான் இருந்தது. "ஒரு வீச்சு நான் வீசிப் பாக்கேண்ணே" என்றேன். ராயப்பன் சூரை மீனின் தலை ஒன்றைத் தூண்டில் முள்ளில் கோத்துக் கொடுத்தார். அதன் வாடை என் மூக்கு வழியாக ஏறி மூதாதையர்களை எல்லாம் எழுப்பியது. மூச்சை அடக்கிக்கொண்டு, வீடியோவில் பார்த்தபடி கம்பைப் பின்னால் சாய்த்து, முழு பலத்தையும் கூட்டி முன்னால் வீசினேன்.

வழக்கத்தைவிடக் கனமாகத்தான் இருந்தது. வழக்கம் என்று ஒன்று எனக்கு இல்லாததால் சந்தேகம் வரவில்லை.

பின்னால் மணலில் இருந்த அம்மாவின் ஒயர் கூடை, முள்ளில் காது மாட்டி, என் தலைக்கு மேலே பறந்து போனது. நடுவானத்தில் தூக்குச்சட்டி திறந்துகொண்டது. புளியோதரை மழை பெய்தது. கூடை அலையில் விழுந்து, தூக்குச்சட்டி மிதந்து, கவிழ்ந்து, போய்விட்டது. மன்னார் வளைகுடாவுக்குப் புளியோதரை படைத்த முதல் சைவன் நானாகத்தான் இருப்பேன்.

ராயப்பன் தன் தோளில் கிடந்த நிலக்கடலை ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "புளி நல்லாப் பிடிச்சிருக்கு டீச்சர்" என்றார்.

அம்மா வெளியில் எங்கேயும் சாப்பிட மாட்டாள். மீன் சமைக்கும் பாத்திரம் பக்கத்தில் இருந்தாலே தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். காலை வரை அவள் பட்டினி என்பது எனக்கு மெதுவாக உறைத்தது. அப்போது ஜெனி ஒரு துணி மூட்டையை அவிழ்த்தாள்.

"டீச்சர், இந்தச் சட்டி புதுசு. இன்னிக்குத்தான் பழக்குனேன், வெறும் தண்ணியில. அரிசியும் கடையில இருந்து நேரா வாங்குனது. கஞ்சி வைக்கட்டுமா?"

"நான்தான் சாப்பாடு கொண்டாருவேன்னு சொல்லியிருந்தேனே. இத எதுக்குக் கொண்டாந்த?"

ஜெனி என்னை ஒருமுறை பார்த்தாள். "இவரு வாராருல்லா. அதான் எதுக்கும் இருக்கட்டும்னு."

அம்மா சட்டியை வாங்கி உள்ளே பார்த்தாள். வெளியே பார்த்தாள். ராயப்பனின் மீன் சாமான்களிலிருந்து எவ்வளவு தள்ளி அடுப்பு மூட்டலாம் என்று அளந்தாள். பிறகு தானே மூன்று கல் பொறுக்கி வந்து வைத்தாள். கஞ்சியைக் குடித்து முடித்ததும், "உப்புச் சரியா இருக்கு" என்றாள். அம்மா எழுபத்தைந்துக்கு மேல் யாருக்கும் மார்க் போட்டதில்லை. அன்று எண்பது போட்டதாக எனக்குப் பட்டது.

அன்று இரவு எதுவும் கடிக்கவில்லை, என்னைக் கடித்த மணல் பூச்சிகளைத் தவிர. விடிந்ததும் ராயப்பன் பால் வாங்க பைக்கை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போனார். போகும்போது, "தம்பி, ரீல் கத்துச்சுன்னா போன் போடுங்க. கம்ப மட்டும் தொட்டுராதீங்க" என்று இரண்டு முறை சொன்னார்.

அவர் தலை மறைந்தது. ரீல் கத்தியது.

அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். தையல் மிஷினை யாரோ வெறிபிடித்து மிதிப்பதுபோல ஒரு கிரீச்சல். கம்பு வில்லாக வளைந்து கடலுக்கு வணக்கம் வைத்தது. நான் பாய்ந்து போய்த் தொட்டேன். குழாயிலிருந்து உருவினேன். அடுத்த நொடி முழங்காலில் இருந்தேன். அதற்கடுத்த நொடி மார்பு மணலில் தேய, கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். பேட்டையில் செய்த பட்டை கூடாரத்தில் எனக்குத் தலையணையாகக் கிடந்தது.

"ஏலே! விடுலே கம்ப! கடலுக்குள்ள போறியேலே!"

அம்மா பின்னாலிருந்து ஓடி வந்து என்னைப் பிடித்தாள். பிடிக்க வாகாகக் கிடைத்தது என் டவுசர். அது எலாஸ்டிக் வைத்தது. முன்னால் சுறா இழுக்கிறது, பின்னால் அம்மா இழுக்கிறாள். நான் சுறாவின் பக்கம் போனேன். டவுசர் அம்மாவின் பக்கம் போனது. ஜெனி கூடாரத்திலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தாள்.

மனிதனுக்கு இரண்டு கைகள்தான் உண்டு. நான் இரண்டையும் டவுசருக்குக் கொடுத்தேன்.

கம்பு என்னை விட்டுப் போனது. ஆனால் கடலுக்குப் போகவில்லை. அம்மா அதன் மேல் விழுந்து பிடித்திருந்தாள்.

நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து பார்த்தபோது கண்ட காட்சி இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. அம்மா எழுந்து நின்றுவிட்டாள். குதிகாலை மணலுக்குள் புதைத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, சேலை முழங்கால்வரை நனைந்து, கண்ணாடியில் உப்புத் தண்ணீர் வழிய நின்றாள். ஜெனி ஓடி வந்து என் பட்டையைச் சேலைக்கு மேலேயே அம்மாவின் இடுப்பில் கட்டி, கம்பின் அடியைக் கிண்ணத்தில் ஊன்றினாள். எனக்கென்று செய்தது அம்மாவுக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது.

"சுத்தாதீங்க டீச்சர், இப்ப ஓடட்டும். ஓடி நின்னதும் கம்ப மேல தூக்கி, இறக்கும்போது சுத்துங்க."

"சரிட்டி. நீ சொல்லு, நான் செய்யுதேன்."

நான் போன் போட்டதும் ராயப்பன் பாலைக் கொட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். "குடுங்க டீச்சர், நான் பாத்துக்கிடுதேன்" என்று கையை நீட்டினார்.

"வேண்டாம் தம்பி. கைக்கு வந்துட்டு."

அப்புறம் அம்மா அதோடு பேச ஆரம்பித்தாள். அது வகுப்பில் கடைசிப் பெஞ்சிடம் பேசும் குரல். "ஓடு. எம்புட்டுத் தூரம் ஓடுதன்னு நானும் பாக்கேன். ஆங், நின்னுட்டியா? பைய வா. ஏன், மறுபடியும் என்ன ஓட்டம்?" சுறா இடதுபுறம் ஓடினால் அம்மாவும் கரையோரமாக இடதுபுறம் நடந்தாள். வலதுபுறம் திரும்பினால் வலதுபுறம் நடந்தாள். ஜெனி அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். சூரியன் கடலை விட்டு நன்றாக மேலே ஏறிவிட்டது. நான் பக்கத்தில் போய், "அம்மா, போதும்மா, விட்டுரு" என்றேன்.

"நீ போய் மொதல்ல டவுசர இறுக்கிப் பிடி" என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

ஒரு அலை உயர்ந்து கண்ணாடிபோல நின்றபோது அதற்குள் அது தெரிந்தது. என் உயரம் இருக்கும். முதுகு சாம்பல், வயிறு வெள்ளை, துடுப்பு நுனியில் மை தொட்டு வைத்தாற்போலக் கறுப்பு. அதில் கோபமோ பயங்கரமோ இல்லை, அழகாக இருந்தது. அவ்வளவு நேரமும் பேசிக்கொண்டிருந்த அம்மா பேச்சை நிறுத்திவிட்டாள்.

ராயப்பன் தண்ணீருக்குள் இறங்கி அதன் வாலைப் பிடித்து, ஆழம் குறைந்த இடத்தில் நிறுத்தி, குறடால் முள்ளைக் கழற்றினார். "தொட்டுப் பாருங்க டீச்சர். தல பக்கம் மட்டும் வேண்டாம்." அம்மா கம்பை ஜெனியிடம் கொடுத்துவிட்டு, சேலையோடு தண்ணீருக்குள் போய், வாழ்நாளில் முதன்முறையாக ஒரு மீனைத் தொட்டாள்.

"உப்புத்தாள் மாதிரில்லா இருக்கு" என்றாள் ஆச்சரியமாக. பிறகு பைய அதன் முதுகைத் தள்ளிவிட்டு, வீட்டுக்கு வந்த விருந்தாளியை வழியனுப்புவதுபோல, "போயிட்டு வா" என்றாள்.

"வரவெல்லாம் வேண்டாம் டீச்சர்" என்றார் ராயப்பன்.

அது ஒருமுறை வாலை அடித்து எல்லோர் முகத்திலும் தண்ணீரை வாரி இறைத்துவிட்டுப் போனது. அம்மா மணலில் உட்கார்ந்தாள். கம்பைப் பிடித்த விரல்கள் விரிய மறுத்தன. ஜெனி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு விரலாக நீவி நிமிர்த்தினாள். கடைசி விரல் நிமிர்ந்ததும் அம்மா அந்தக் கையை விடவில்லை.

"உங்க அம்மைட்ட சொல்லு. வார ஞாயித்துக்கிழம நாங்க வீட்டுக்கு வாரோம்." என்னைத் திரும்பிப் பார்த்து, "இவனுக்கு நல்ல பேன்டாப் போட்டுக் கூட்டிட்டு வாரேன்" என்றாள்.

கல்யாணம் நடந்து இப்போது எங்கள் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். ராயப்பன் சொல்லும்போது சுறா வருடத்துக்குக் கொஞ்சம் வளர்கிறது. ஜெனி சொல்லும்போது டவுசர் இன்னும் கொஞ்சம் கீழே இறங்குகிறது. எங்கள் வீட்டில் யாராவது இரண்டு காரியத்துக்கு நடுவில் முழித்தால், அது எந்தச் சட்டை வாங்குவது என்பதாக இருந்தாலும் சரி, எந்த ஊருக்கு மாற்றல் கேட்பது என்பதாக இருந்தாலும் சரி, உடனே வரும் கேள்வி, "சுறாவா, டவுசரா?" என்பதுதான்.

போன வாரம் அலுவலகத்தில் ஒரு புதிய பொறுப்பை ஏற்பதா வேண்டாமா என்று நான் கூடத்தில் நடைபோட்டுக்கொண்டிருந்தேன். மகள் வீட்டுப்பாடத்திலிருந்து நிமிர்ந்து, "அப்பா, சுறாவா, டவுசரா?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள், பேப்பர் படித்துக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"அவன் டவுசரத்தான் பிடிப்பான். சுறாவ நான் பாத்துக்கிடுதேன்."