இன்ஸ்பெக்டரின் ஐந்து நாள் சஸ்பென்ஷன்

இன்ஸ்பெக்டர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். காரைத் தரையோடு தரையாக இறக்கிவிடுவது. யார் தடுத்தாலும் சரி, எது இடித்தாலும் சரி.

இன்ஸ்பெக்டர் என்றதும் லத்தி, தொப்பி என்று பயந்துவிட வேண்டாம். அவர் குடிநீர் வாரியத்தில் மீட்டர் இன்ஸ்பெக்டர். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குனிந்து, மீட்டரைப் படித்து, எழுதிக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி நிமிர்ந்து, அடுத்த வீட்டில் மறுபடி குனிகிற உத்தியோகம். இப்படி நாளெல்லாம் தலைகுனிந்து பிழைக்கிற மனிதர் தலைநிமிர்ந்து உட்காருகிற இடம் உலகத்திலேயே ஒன்றுதான். அது அவருடைய கார்.

நீல நிறம். இரண்டே கதவு. இன்னொருவர் ஓட்டித் தள்ளிய பழைய வண்டிதான். ஆனால் மிதித்தால் பாயும். அவர் மனைவி அதற்கு வைத்திருந்த பெயர் 'சின்ன வீடு'.

"என்னங்க, சின்ன வீட்டைக் குளிப்பாட்டியாச்சா? பெரிய வீட்டுல பாத்ரூம் கழுவாம கிடக்கு."

இன்ஸ்பெக்டர் இதற்கெல்லாம் பதில் சொல்லமாட்டார். பதில் சொன்னால் பாத்ரூம் கழுவவேண்டி வரும்.

சின்ன வீட்டுக்கு ஒரே ஒரு குறை. வேகமாகத் திருப்பினால் சாயும். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வளைவில் ஒருநாள் அது சாய்ந்த சாய்வில், டேஷ்போர்டில் இருந்த மூக்குக்கண்ணாடி பறந்து ஜன்னல் வழியாகவே போய்விட்டது. அன்றிலிருந்து மூன்று மாதம் இன்ஸ்பெக்டர் சஸ்பென்ஷனை, அதாவது வண்டியைச் சக்கரத்தின்மேல் தாங்கி நிற்கும் ஸ்பிரிங் ஏற்பாட்டைப் பற்றிப் படித்தார். ஆபீஸ் கோப்பு ஒன்றையாவது இவ்வளவு கருத்தாகப் படித்திருந்தால் இந்நேரம் வாரியத்துக்கே தலைவராகியிருப்பார். வெறும் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றலாமா, கூடவே ஷாக் அப்சார்பரையும் மாற்றலாமா, சாய்வைத் தடுக்கும் கம்பியைப் பருமனாகப் போடலாமா என்று அலசி ஆராய்ந்து, கடைசியில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகவே வரும், திருகினால் வண்டியின் உயரமே ஏறி இறங்கும் ஒரு ஜோடியில் வந்து நின்றார். அதிலும் இருப்பதிலேயே கெட்டியானது. அதையும் கடைசி மரைவரை இறக்கிவிடவேண்டும்.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார்.

"சார், இது ரேஸ்ல ஓடற வண்டிக்குப் போடற ஸ்பிரிங். நீங்க ஆபீஸ் போயிட்டு வர்றவரு."

"ஆபீஸுக்கு நான் எப்படிப் போறேன்னு உங்களுக்குத் தெரியாது."

"ரோட்டுல ஒரு காசு கிடந்து நீங்க அது மேல ஏத்தினா, தலையா பூவான்னு சொல்லிடலாம். அவ்வளவு கெட்டி."

"அதான் எனக்கு வேணும்!"

"சரி. அஞ்சு நாள் வண்டி எங்கிட்ட இருக்கணும்."

"இருக்கும். நானும் இருப்பேன். ஒவ்வொரு நட்டும் என் கண்ணு முன்னாடி இறுகணும்."

அங்கேதான் சிக்கல். ஐந்து நாள் லீவு போடவேண்டும். போட்டும் விட்டார். ஆனால் போன மாதம்தான் மனைவி, "ஒரு வாரம் லீவு போடுங்களேன், பரணை ஒழிச்சு ஹாலுக்குப் பெயிண்ட் அடிச்சிடலாம்" என்று கேட்டபோது, "லீவா? செத்தாக்கூட எங்க ஆபீஸ்ல அரைநாள்தான் தருவான்" என்று அடித்துச் சொல்லியிருந்தார். ஆகவே திட்டம் இதுதான்: தினமும் ஆபீஸுக்குப் போகிற மாதிரியே சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பி, நேரே ஒர்க்‌ஷாப்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பால்கனியில் நின்று மெக்கானிக்கிடம் போனில் கிசுகிசுத்தார்.

"ஆமா. சஸ்பென்ஷன் உறுதி. நாளையிலேருந்து அஞ்சு நாள். வீட்டுக்கு மட்டும் தெரியக்கூடாது."

திரும்பினார். பின்னால் காய்ந்த துணிக் கூடையோடு வீடே நின்றுகொண்டிருந்தது.

"சஸ்பென்ஷனா? உங்களையா?"

இன்ஸ்பெக்டர் போனை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"வேலையிலேருந்து சஸ்பெண்ட் பண்ணிட்டாங்களா?"

உண்மையைச் சொல்வதென்றால் ஸ்பிரிங்கைச் சொல்லவேண்டும். ஸ்பிரிங்கைச் சொன்னால் லீவைச் சொல்லவேண்டும். லீவைச் சொன்னால் பரணைச் சொல்லவேண்டும். பொய்யோ, பாவம், அவளே கொண்டுவந்து கையில் வைக்கிறாள். இலவசமாக.

"ஆமா" என்றார்.

"என்ன தப்பு பண்ணீங்க?"

"ஒரு மீட்டரைத் தப்பாப் படிச்சிட்டேன்."

"எவ்வளவு தப்பா?"

"ஒரு சைபர் கூடிப்போச்சு."

"ஒரு சைபருக்கா அஞ்சு நாளு?"

"பெரிய சைபர்."

அவள் கூடையைக் கீழே வைத்தாள். முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "எனக்கு ஷாக்கா இருக்குங்க" என்றாள். ஷாக் என்ற சொல்லைக் கேட்டு இன்ஸ்பெக்டர் ஒரு கணம் துள்ளினார். பிறகு அது வேறு ஷாக் என்று தெளிந்து அமைதியானார். "கவலைப்படாதீங்க. ஒரு ஈ காக்காகிட்ட சொல்லமாட்டேன்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மாமனார் போன் செய்தார்.

"மாப்பிள்ளை, தைரியமா இருங்க. பெரிய பெரிய ஆபீசரெல்லாம் சஸ்பெண்ட் ஆகியிருக்காங்க."

இன்ஸ்பெக்டர் போனை வைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார். "வக்கீலைப் பார்த்துட்டு வர்றேன்."

"உட்காருங்க" என்றாள் மனைவி. "சஸ்பெண்ட் ஆனவங்க தெருவுல நடமாடினா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. சாவியைக் கொடுங்க."

"எந்தச் சாவி?"

"சின்ன வீட்டுச் சாவி. வேலையில்லாதவர் வீட்டு வாசல்ல இவ்வளவு வேகமான காரான்னு கேப்பாங்க. எங்க கிளினிக் கார் ஷெட்டுல விட்டுடறேன். அஞ்சு நாள் கழிச்சு எடுத்துக்கலாம்."

அவள் பிசியோதெரபிஸ்ட். ஊரில் யார் இடுப்பு பிடித்துக்கொண்டாலும், கழுத்து திரும்பாவிட்டாலும் அவள் கைக்குத்தான் வந்து சேருவார்கள். முரண்டு பிடிக்கிற முட்டியையே வழிக்குக் கொண்டுவருகிறவளுக்கு ஒரு புருஷன் எம்மாத்திரம்? சாவி கை மாறியது.

"நான் என்ன பண்றது?"

"சும்மா உட்கார்ந்தா மனசு ஒடிஞ்சிடும். எங்க பேஷண்டுக்கெல்லாம் நாங்க சொல்றதுதான். வலி இருக்கறப்ப உடம்பை அசைச்சிக்கிட்டே இருக்கணும். பரண்ல ஏணி இருக்கு. ஏணியை எடுக்கணும்னா பரணை ஒழிக்கணும். ஒழிச்சிட்டு அப்படியே ஹால் சுவரைச் சுரண்ட ஆரம்பிச்சிடுங்க."

கார் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

"அண்ணே, வண்டி இன்னிக்கு வராது. வீட்டுல ஒரு சிக்கல்."

"அப்படிங்களா சார்? பரவாயில்ல சார். நீங்க நிம்மதியா ரெஸ்ட் எடுங்க சார்." மூன்று மாதமாக ஒவ்வொரு பேச்சுக்கும் தலையைச் சொறிந்த ஆசாமி அன்றைக்கு ஏனோ ரொம்பக் குஷியாக இருந்தார். பின்னால் யாரோ எதையோ சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை பரண் ஒழிந்தது. செவ்வாய்க்கிழமை சுவர் சுரண்டப்பட்டது. சுவரில் பாதி இன்ஸ்பெக்டர் தலைமேல் இருந்தது. புதன்கிழமை பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் கை இரண்டும் தோளிலிருந்து கழன்று தனியாகத் தொங்குவதுபோல் ஆயிற்று. சாயங்காலம் மனைவி அவரைக் குப்புறப் படுக்கவைத்து இடுப்பை அழுத்திப் பார்த்தாள்.

"இங்க வலிக்குதா?"

"ஆ!"

"இங்க?"

"ஆஆ!"

"குனிஞ்சு குனிஞ்சு என்ன ஆகியிருக்கு பாருங்க. இந்த முதுகை வெச்சுக்கிட்டு இனிமே நீங்க எந்த அதிர்ச்சியும் தாங்கக்கூடாது."

வேலை போன அதிர்ச்சியைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தார் இன்ஸ்பெக்டர். இவ்வளவு நல்லவளிடமா பொய் சொன்னோம்? சொல்லிவிடலாமா? வாயைத் திறந்தார். அவள் அதே நேரம் நாலாவது எலும்புக்குப் பக்கத்தில் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தினாள். சொல்ல வந்தது "ஐயோ" என்று முடிந்துவிட்டது.

வியாழக்கிழமை அவர் ஏணிமேல் நின்று முதல் பூச்சு அடித்துக்கொண்டிருந்தபோது மாமனார் வந்து சேர்ந்தார். ஓய்வுபெற்ற தலைமை குமாஸ்தா. கையில் ஒரு கோப்பு.

"இறங்காதீங்க மாப்பிள்ளை, நான் படிக்கிறேன், நீங்க அடிச்சிக்கிட்டே கேளுங்க. 'உயர்திரு ஐயா அவர்களுக்கு. எனது மருமகன் ஓர் அப்பாவி. ஒன்றுக்குப் பத்தாக எழுதியது உள்நோக்கத்தால் அன்று, கண்பார்வை மங்கலால்.'"

"மாமா, என்ன இது?"

"மனு. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு உங்க மேலதிகாரி முன்னாடி நானே போய் நிக்கப்போறேன். ரெண்டுல ஒண்ணு பார்த்துட்டுதான் வருவேன்."

பிரஷ் கைநழுவி விழுந்தது. மாமனார் ஆபீஸுக்குப் போனால் மேலதிகாரி என்ன சொல்வார்? 'உங்க மருமகனா? சொந்த வேலைன்னு லீவு போட்டிருக்காரே' என்பார். அப்புறம் அந்த ஆபீஸில் 'பெரிய சைபர்' என்பதே அவர் பெயராகிவிடும்.

மாமனார் போனதும் இன்ஸ்பெக்டர் ஏணியிலிருந்து இறங்கினார். அடுக்களை வாசலில் போய் நின்றார். மூக்கில் ஒரு சொட்டுப் பெயிண்ட்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"சஸ்பென்ஷன்னு சொன்னேன்ல... அது என்னோட சஸ்பென்ஷன் இல்ல. காரோட சஸ்பென்ஷன்."

"ஓ."

"ஸ்பிரிங், ஷாக் எல்லாம் மாத்தறதுக்காக லீவு போட்டேன். கிடைக்காதுன்னு சொன்னது பொய். மீட்டரெல்லாம் சரியாத்தான் படிச்சேன். உங்கப்பாவை எப்படியாவது நிறுத்து. உன் கால்ல வேணும்னாலும் விழறேன்."

"விழாதீங்க, பெயிண்ட் ஒட்டும்" என்று அவள் எட்டி ஹாலைப் பார்த்தாள். "அந்த மேல் மூலையில கொஞ்சம் விட்டுப்போச்சு பாருங்க."

இன்ஸ்பெக்டர் மூலையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"உங்க மெக்கானிக்குக்கு இடுப்புல ஜவ்வு விலகியிருக்கு. மூணு வாரமா எங்கிட்டதான் வர்றாரு. குப்புறப் படுத்திருக்கிற மனுஷன், பாவம், பேசாம என்ன பண்ணுவாரு? 'மேடம், ஒரு கஸ்டமர் கல்லு மாதிரி ஸ்பிரிங் கேக்கறாரு, போட்டா அவரும் இதே கட்டில்லதான் வந்து படுப்பாரு'ன்னாரு. யாருன்னு கேட்டேன்."

"அப்ப பால்கனியில..."

"நீங்க என்ன சொல்றீங்கன்னு பார்த்தேன். வேலை போச்சுன்னு நீங்கதான் சொன்னீங்க."

"நீதான் கேட்ட!"

"கேட்டேன். 'இல்ல'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? சைபரைப் பெரிசாக்கினது யாரு?"

இன்ஸ்பெக்டர் முக்காலியில் உட்கார்ந்தார். "உங்கப்பா?"

"அவருக்கும் தெரியும். ரிட்டையர் ஆனதுலேருந்து பாவம், ஒரு மனு எழுத சான்ஸே கிடைக்கல."

வெள்ளிக்கிழமை இரண்டாவது பூச்சு. ஹால் பளபளத்தது. அதில் நிற்கவே கூச்சமாக இருந்தது அவருக்கு.

சனிக்கிழமை காலை மனைவி ஆட்டோ பிடித்து அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். ஆட்டோ கிளினிக்கில் நிற்கவில்லை. ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றது. உள்ளே நீலக் கார். இன்ஸ்பெக்டர் ஓடிப்போய்க் குனிந்து பார்த்தார். வண்டி இறங்கித்தான் இருந்தது. ஆனால் இரண்டே விரற்கடை.

"நான் கேட்ட ஸ்பிரிங் எங்க?"

"திருப்பி அனுப்பிட்டோம் சார்" என்றார் மெக்கானிக். "மேடம் வந்து மூணே கேள்வி கேட்டாங்க. வண்டி தினமும் எந்த ரோட்டுல போகுது, அந்த ரோட்டுல எத்தனை வேகத்தடை, வண்டியில உட்காரற ஆளோட முதுகு எப்படி. மூணு மாசமா நீங்க கேட்ட நூறு கேள்வியில இந்த மூணும் இல்ல சார். அதனால நடுத்தரமான ஸ்பிரிங், அதுக்கு ஜோடியான ஷாக், சாயறதுக்கு மட்டும் பருமனா ஒரு கம்பி. ஓட்டிப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு ஏறினார். குறை கண்டுபிடித்தே தீருவது என்ற வைராக்கியத்தோடு கிளம்பினார். முதல் வேகத்தடையில் வயிற்றை இறுக்கிக்கொண்டு இடிக்காகக் காத்திருந்தார். இடி வரவில்லை. தண்ணீர்த் தொட்டி வளைவில் வேண்டுமென்றே வேகமாகத் திருப்பினார். வண்டி சாயவில்லை. தண்டவாளத்தில் போவதுபோல் வளைந்து நிமிர்ந்தது. இன்ஸ்பெக்டர் தன்னை மறந்து, "அடி என் கண்ணே!" என்றார். யாரைச் சொன்னார் என்று அவருக்கே தெரியவில்லை. இன்னும் இரண்டு முறை அந்த வளைவைச் சுற்றிவிட்டுத்தான் திரும்பினார்.

"அருமை அண்ணே! அருமை!" இறங்கியதும் மனைவியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு, எதையாவது சொல்லாவிட்டால் மரியாதை இல்லையே என்று, புருவத்தைச் சுருக்கினார். "ஒரே ஒரு விஷயம். டிரைவர் பக்கம் லேசா அழுத்தற மாதிரி இருக்கு. செட்டிங்ல ஏதோ கோளாறு."

மெக்கானிக் தலையைச் சொறிந்தார்.

"அது செட்டிங் இல்ல சார். நீங்க."

"நானா?"

"நாலு சக்கரத்துக்குக் கீழயும் தராசு வெச்சு, ஓட்டறவங்களை உட்கார வெச்சுதான் எடையைச் சமமாப் பிரிப்போம். நீங்க சஸ்பென்ஷன்ல இருந்தீங்க. மேடம்தான் வந்து உட்கார்ந்தாங்க. உங்களுக்குப் பதிலா பக்கத்து சீட்டுல ஒரு மணல் மூட்டை."

மனைவி சாவிக்காகக் கையை நீட்டினாள்.

இன்ஸ்பெக்டர் சாவியைக் கொடுத்தார், காரைச் சுற்றி வந்தார், மணல் மூட்டை இருந்த இடத்தில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.