பரணில் நின்ற மனிதன்

என் மனைவி வெர்னா உயிரோடு இருந்தபோது நடந்தது இது. கட்டணம் தாங்காமல் கேபிள் டிவியை நிறுத்திய அன்று, எங்கள் டொலிடோ நகரத்துக்கே விடுதலை வாங்கித் தந்தவன் போல நான் நடந்தேன்.

"இனி ஆன்டெனாதான். மிச்சத்துக்கு இன்டர்நெட் இருக்கு," என்றேன்.

மனைவி ஆப்பிள் உரித்துக்கொண்டிருந்தாள். "தேங்க்ஸ்கிவிங் அன்னிக்கு ஃபுட்பால் தெரியுமா? என் தம்பி க்ளைட் அதுக்குத்தான் வர்றான்."

"கண்ணாடி மாதிரி தெரியும்."

"தெரியலைன்னா?"

"ஆன்டெனாவுல தெரியலைன்னா ஈஸ்டர் வரைக்கும் பாத்திரம் நான் கழுவறேன்."

அவள் கத்தியை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

ஒரு ரிமோட் மூன்றானது. ஒன்று டிவியைப் போடும், ஒன்று அணைக்கும், மூன்றாவது எதற்கென்று இன்றுவரை தெரியவில்லை. செய்தி ஒரு ஆப்பில், சமையல் இன்னொன்றில், ஆட்டம் இரண்டிலும் இல்லை. எல்லாம் பாஸ்வேர்ட் கேட்டன. ஆன்டெனாவை ஜன்னலில் வைத்தேன். ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கனடா சேனல் வந்தது. எங்கள் ஊர் சேனல் வரவில்லை.

"கனடாவுல நாளைக்கு மழையாம். குடை எடுத்துட்டுப் போங்க," என்றாள் வெர்னா.

நவம்பர் மாதம், தேங்க்ஸ்கிவிங் விருந்து நாள். வான்கோழி அடுப்புக்குள் போனது. ஆட்டம் தொடங்கப் பத்து நிமிடம். ஆன்டெனாவோடு பரணில் ஏறினேன்.

"தெரியுதா?"

"கோடு கோடா இருக்கு. இடது பக்கம் நகருங்க."

"இப்ப?"

"வலது கையைத் தூக்குங்க. இன்னும். ஆங், வந்துருச்சு. அப்படியே நில்லுங்க."

கீழே க்ளைட் கைதட்டினான். "மாமா, நீங்க மேதை."

குளிரில் மூன்று மணி நேரம் நின்றேன். பெருமை மட்டும் சூடாக இருந்தது.

"வெர்னா, பசிக்குது."

"பேசாதீங்க. நீங்க வாயைத் திறந்தா படம் ஆடுது."

ஆட்டம் முடிந்து இறங்கினேன். டிவிக்குக் கீழே கேபிள் பெட்டி ஒன்று பச்சை விளக்கோடு உட்கார்ந்திருந்தது. அதன்மேல் ஒரு கடிதம்: புதிய வாடிக்கையாளர் வெர்னா அவர்களை வரவேற்கிறோம்.

"இது எப்படி?"

"பழைய ஆளுக்குத்தான் முழு விலை. உங்க பேர்ல நிறுத்தினீங்க, நான் என் பேர்ல எடுத்தேன். புது ஆளுக்கு ஒரு வருஷம் பாதி விலை. நீங்க வெளிய போயிருந்தப்ப செவ்வாய்க்கிழமையே வந்து மாட்டிட்டுப் போயிட்டாங்க. பெட்டியைத் துணி போட்டு மூடி வச்சிருந்தேன்."

"அப்போ நான் எதுக்கு மேல நின்னேன்?"

"போன வருஷம் கீழ இருந்தீங்க. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை அடுப்பைத் திறந்து எட்டிப் பார்த்தீங்க. ராத்திரி வரைக்கும் வான்கோழி வேகலை. இன்னிக்குப் பாருங்க, எப்படி வெந்திருக்குன்னு."

உண்மையிலேயே பஞ்சு போல வெந்திருந்தது. இரண்டு தட்டு சாப்பிட்டேன். எழுந்தபோது அவள் ஏப்ரனை என் கழுத்தில் மாட்டிவிட்டு, பாத்திரத் தொட்டியைக் காட்டினாள்.

அடுத்த வருடம் பார்த்து, ஈஸ்டர் மார்ச்சில் வராமல் ஏப்ரல் இருபத்தொன்றில் வந்தது.